கானல் நாச்சி மேடையேறிய கதை

தன் பெண்டாட்டி ஒரு பொக்கிஷம் என்பது, கறம்பக்குடியில் மினி பஸ் ஓட்டும் நல்லதம்பிக்கு அபூர்வ இசை நாடக மீட்புப் பேரவை சொல்லித்தான் தெரியவந்தது. அதுவரை செவந்தியை அவர் செவந்தி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

செவந்தி, மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் ஊர்த் திருவிழாக்களில் நாடகம் பாடுகிறவள். மற்ற மாதங்களில் முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு ரவிக்கை தைப்பாள். மெஷின் ஓடும்போதும் பாடுவாள். தெருவில் போகிற பெண்கள் நின்று கேட்பார்கள். பாட்டு முடிந்ததும், தங்கள் துணி ஆயிற்றா என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை.

பேரவை புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இயங்கியது. யாரும் போடாமல் விட்டுவிட்ட இசை நாடகங்களைத் தேடிப்பிடித்து மீட்பது அதன் நோக்கம். தொடங்கிய நாளிலிருந்து எந்த நாடகத்தையும் அது மீட்கவில்லை என்றாலும், மீட்பதற்கான கூட்டங்களைத் தவறாமல் நடத்திவந்தது. தலைவர் முனைவர் ஆத்மநாதன், ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். வீட்டில் காப்பி கேட்பதையே வரவேற்புரை போலக் கேட்பவர். செயலாளர் உதயசூரியன் ப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருந்தார். பேரவைக்கும் கடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று, யாரும் கேட்காதபோதும் சொல்வார்.

இவர்கள் மீட்க எடுத்துக்கொண்ட நாடகம் ‘கானல் நாச்சி’. வசனமே கிடையாது, முழுக்கப் பாட்டு. தாகத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் ராகத்தில்தான் கேட்கவேண்டும். கண்மாய் வெட்டப் போன இடத்தில் ராஜாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்ட புருஷன் சிறையில் கிடக்கிறான். அவனை மீட்க நாச்சி கோட்டை வாசலுக்கு வருகிறாள். காவல்காரர்கள் ஆளுக்கொரு காரணத்தைப் பாடி அவளை நிறுத்திவைக்கிறார்கள். கடைசியில் எல்லோரும் போய்விட, சாத்தியிருக்கும் கதவைப் பார்த்து அவள் ஒரு நீண்ட விருத்தம் பாடுகிறாள். கதவு திறந்ததா என்று சொல்லாமலே திரை விழுந்துவிடும். அந்த விருத்தத்தை மூச்சு உடையாமல் பாட ஆள் கிடைக்காததால்தான் இத்தனை காலம் யாரும் இதைத் தொடவில்லை என்றார் ஆத்மநாதன். ஒரு திருவிழாவில் செவந்தியின் பாட்டைக் கேட்டுவிட்டு, மறுநாளே ஆள் அனுப்பினார்.

செவந்திக்குத் தலைகால் புரியவில்லை. ஆர்மோனியக்காரர் தங்கமுத்துவிடம் பாட்டுகளைப் பழகிக்கொண்டு, வீட்டிலும் ஓயாமல் பாடினாள். கடைசி விருத்தத்தை மட்டும் ஒத்திகையில்தான் பாடுவாள்.

“அதையும் கொஞ்சம் பாடேன்” என்று நல்லதம்பி கேட்டுப்பார்த்தார்.

“இப்பவே கேட்டுட்டா அன்னைக்கு என்னத்தக் கேப்பீங்க? சபையில ஒக்காந்து கேளுங்க. முன் வரிசையில.”

சரி என்று விட்டுவிட்டார்.

பேரவையில் வேலை மும்முரமாக நடந்தது. வரவேற்புக் குழு, மேடைக் குழு, மலர்க் குழு, பொன்னாடைக் குழு, சிற்றுண்டிக் குழு, வாகனக் குழு, இவற்றைக் கண்காணிக்க ஒரு மேற்பார்வைக் குழு, மேற்பார்வைக் குழுவில் இடம் கிடைக்காதவர்களுக்காக ஓர் ஆலோசனைக் குழு. நாடகக் குழு என்று ஒன்று போடலாமா என்று பேச்சு வந்தது. அதில் சேர யாரும் கை தூக்காததால் விட்டுவிட்டார்கள்.

நாடகத்துக்கு முன்னால் எதிர்பார்ப்பு வேண்டுமே. அதற்காக ‘கானல் நாச்சி: ஓர் எதிர்பார்ப்பு’ என்று முழுநாள் கருத்தரங்கு நடந்தது. பார்க்காத நாடகத்தைப் பற்றி ஆறேழு பேராசிரியர்கள் கட்டுரை வாசித்தார்கள். அவர்களில் ஒருவர், இந்த நாடகத்தைப் பார்த்ததிலிருந்து தனக்குத் தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தார். பிறகு அழைப்பிதழ் வெளியீட்டு விழா. அந்த விழாவுக்கும் ஓர் அழைப்பிதழ் அடிக்கவேண்டி வந்தது. அதைச் சும்மா கொடுக்க மனசு வராமல், ஒரு சிறிய வெளியீட்டு விழா வைத்தார்கள். கறம்பக்குடி முக்கத்தில் செவந்தியின் முகம் போட்ட ப்ளெக்ஸ் எழுந்து நின்றது. அதில் ஆத்மநாதனின் முகம் பெரிதாகவும், உதயசூரியனின் முகம் அதற்கு அடுத்தபடியாகவும், வரப்போகும் தலைமை விருந்தினரின் முகம் எல்லாவற்றையும்விடப் பெரிதாகவும் இருந்தன. செவந்தி கீழே ஓரத்தில், வெற்றிலை அளவுக்கு இருந்தாள். நல்லதம்பி அந்த இடத்தில் மட்டும் பஸ்ஸை மெதுவாக ஓட்டினார்.

“பாருங்கண்ணே, அக்கா எவ்வளவு பெரிய ஆளாயிட்டாங்க” என்றார் கண்டக்டர் பிரசாந்த்.

“ஆமாப்பா” என்றார் நல்லதம்பி. பெருமையில் அடுத்த நிறுத்தத்தில் நிறுத்த மறந்துபோனார்.

அந்தச் சமயத்தில்தான் செவந்தி கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு. வலியில்லை. ரவிக்கைக்குக் கழுத்தளவு கொடுக்க வந்த ஒருத்திதான் முதலில் பார்த்துச் சொன்னாள். தஞ்சாவூருக்குப் போய் ஊசி குத்தி எடுத்துப் பரிசோதித்தார்கள். சுடர்விழி என்ற டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்து நிதானமாகப் பேசினார்.

“கேன்சர்தான்மா. பயப்படாதீங்க, எடுத்துட்டா நல்லா இருப்பீங்க. ஆனா கட்டி குரல் நரம்பைச் சுத்திப் புடிச்சிருக்கு. நரம்பையும் சேர்த்து எடுக்கவேண்டி வரும்னுதான் தோணுது.”

“பேச வராதாங்க?” என்று கேட்டார் நல்லதம்பி.

“பேசலாம். காத்து கலந்த மாதிரி இருக்கும், சத்தம் வராது.” டாக்டரம்மா சற்று நிறுத்தி, செவந்தியைப் பார்த்தார். “என்ன வேலை பாக்குறீங்க?”

செவந்தி, “தையல்” என்றாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நல்லதம்பி கேட்டார், “பாடுறேன்னு ஏன் சொல்லல?”

“சொன்னா அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல.” பிறகு அவளே சொன்னாள். “நாடகம் முடியட்டுங்க. முடிஞ்ச மறுநாளே வந்து படுத்துக்கிறேன். ஒரு தடவை பாடிட்டு விட்டுர்றேன்.”

ஒரு மாதத்துக்கு மேல் தள்ளக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாடகம் அதற்குள் முடிந்துவிடும் என்பதால் இருவரும் தைரியமாக இருந்தார்கள்.

பேரவை தேதியைத் தள்ளிவைத்தது. தலைமை விருந்தினர் அன்றைக்கு வேறு ஊரில் ஒரு சிலை திறக்கிறார் என்றார்கள். புதிய தேதி குறித்தார்கள். அன்றைக்கு அவர் அதே சிலைக்கு மாலை போடுகிறார் என்று மறுபடியும் தள்ளினார்கள். நல்லதம்பி லீவு போட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்தின் மாடிப்படி ஏறினார்.

“ஐயா, இதுக்கு மேல தேதியத் தள்ளாதீங்க. அவளுக்குக் கழுத்துல கட்டி. ஆபரேசன் பண்ணுனா பாட்டு வராதுன்னு சொல்லிட்டாங்க. அதுக்குள்ள ஒரு தடவை பாடிறணும்னு நெனைக்கிறா.”

ஆத்மநாதன் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் நீர் நின்றது. நல்ல மனிதர். கண்ணீர் சுலபமாக வரும்.

“தம்பி, எவ்வளவு மகத்தான செய்தியைச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு குரல், தன் கடைசிப் பாட்டைப் பேரவைக்கு அர்ப்பணிக்கிறது. இதை முன்கூட்டியே தெரிவித்திருந்தால் அழைப்பிதழிலேயே குறிப்பிட்டிருப்போமே.”

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல ஐயா” என்றார் உதயசூரியன். “ப்ளெக்ஸ்ல ‘இறுதிக் குரல்’னு செவப்புல ஒரு வரி சேத்துறலாம்.”

“அதெல்லாம் வேணாங்க. அவளுக்கு வெளிய தெரியறது பிடிக்காது. தேதிய மட்டும் பாத்துக்குடுங்க.”

“தேதி நம் கையில் இல்லை தம்பி, தலைமை விருந்தினர் கையில் இருக்கிறது. அவர் இல்லாமல் நாடகத்தை நடத்திவிட்டால், நடந்தது என்று யார் சொல்வது?”

“பாக்க வர்ற சனம் சொல்லுங்கய்யா.”

ஆத்மநாதன் பரிவோடு புன்னகைத்தார். “சனங்கள் பார்ப்பார்கள் தம்பி. சொல்வதற்கு நாங்கள் இருக்கிறோம்.”

என்றாலும் மனம் இரங்கி, தலைமை விருந்தினரின் உதவியாளரிடம் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொடுத்தார். அதற்கடுத்த புதன்கிழமை ஆபரேசன் என்று தஞ்சாவூரில் நாள் குறித்தார்கள். நல்லதம்பி படியிறங்கும்போது ஆத்மநாதனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

ஞாயிறு நெருங்கும்போது ஆலோசனைக் குழு விழித்துக்கொண்டது. ராஜா கடைசிவரை கதவைத் திறக்காமல் இருப்பது தலைமை விருந்தினருக்குத் தர்மசங்கடமாக இருக்காதா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். எல்லோருக்கும் வியர்த்துவிட்டது. நாச்சி வந்து நின்றதுமே கதவு திறக்கிறது, ராஜா புருஷனை விடுதலை செய்து வீட்டுமனைப் பட்டாவும் வழங்குகிறார், காவல்காரர்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று முடிவை மாற்றி எழுதினார்கள்.

“அப்ப கடைசி விருத்தம் எதுக்கு?” என்று கேட்டார் தங்கமுத்து.

“நன்றி விருத்தமா மாத்திக்கலாமே” என்றார் உதயசூரியன்.

செவந்தி எதற்கும் எதிர்த்துப் பேசாதவள். அன்று பேசினாள். “கதவத் தொறந்துட்டா நான் எதப் பாத்துங்க பாடுறது?”

குழு இரண்டு நாள் கூடி விவாதித்தது. கடைசியில் நடுநிலையாக ஒரு தீர்மானம் நிறைவேறியது. விருத்தம் இருக்கும், கதவு பாதி திறந்திருக்கும். ஏற்கெனவே செய்துவைத்த கோட்டைக் கதவை ஆசாரியை வரவழைத்துப் பாதியில் நிற்கும்படி கட்டை அடித்தார்கள்.

“பாதி தொறந்திருந்தா அவ உள்ள போயிறலாமே?” என்று கேட்டார் நல்லதம்பி. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேரவை இயங்கிய அந்தக் கல்யாண மண்டபத்திலேயே நாடகம். மத்தியானமே செவந்தி வேஷம் கட்டிக்கொண்டாள். கழுத்துக் கட்டி தெரியாமல் அகலமான பாசிமணி மாலை போட்டிருந்தாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முனகி முனகிக் குரலைச் சரிபார்த்தாள். குரல் அன்றைக்கு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“எண்ணெ விட்ட மாதிரி வருதுங்க. நீங்க போய் எடம் புடிங்க. முன் வரிசை.”

நல்லதம்பி புது வேட்டியோடு முன் வரிசைக்குப் போனார். நெஞ்சில் பேட்ஜ் குத்திய ஒருவர் வழிமறித்தார்.

“நீங்க எந்தக் குழு?”

“நான் நாச்சியாப் பாடுறவளோட வீட்டுக்காரருங்க.”

அவர் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். “அப்படி ஒரு குழு இல்லையே.”

முன் வரிசை பேரவைக்கு, அடுத்த வரிசை அதன் குடும்பத்தாருக்கு, அதற்கடுத்தவை பொன்னாடை போட்டுக்கொள்ள வந்தவர்களுக்கு. பின்னால் ஊர் ஊராக வேன் வைத்துக் கூட்டிவந்த சனம். நல்லதம்பி மேடைக்குப் பக்கவாட்டில் இருந்த கதவோரமாக நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் திரையின் பின்புறமும் கொஞ்சம் தெரிந்தது. செவந்தி பாதி திறந்த கதவின் முன்னால், நின்ற நிலையில் காத்திருந்தாள்.

நான்கு மணி விழாவுக்குத் தலைமை விருந்தினர் ஆறு மணிக்கு வந்தார். சீக்கிரமே வந்துவிட்டதாக எல்லோரும் வியந்தார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, முன்னிலை உரை, நோக்க உரை, நோக்கத்தை விளக்கும் உரை என்று வரிசையாக நடந்தது. பொன்னாடைக் குழு கிட்டத்தட்ட முன்னால் இருந்த எல்லோருக்கும் போர்த்தி முடித்து, கடைசியாகத் தனக்குத் தானே போர்த்திக்கொண்டது.

ஆத்மநாதன் தலைமையுரை ஆற்றினார். “அன்பர்களே, இன்று நம் சமுதாயத்தைப் பிடித்திருக்கும் நோய் எது? நாம் பேசுகிறோம், பேசிக்கொண்டே இருக்கிறோம். கேட்பதில்லை. பாடுகிறவர் இருக்கிறார், கேட்கும் செவி இல்லை. கேட்பது ஒரு தவம். அந்தத் தவத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.” முக்கால் மணி நேரம் சொன்னார். நடுவில் உதயசூரியன் திரைக்குப் பின்னால் போய், நாடகத்தை ஒரு மணி நேரத்தில் முடிக்கச் சொன்னார். அடுத்த தடவை போனபோது அரை மணி என்றார். அதற்கடுத்த தடவை, “அக்கா, மத்ததெல்லாம் விட்டுருவோம். கடைசி விருத்தம் மட்டும்” என்றார்.

தங்கமுத்து ஆர்மோனியப் பெட்டியை மூடப்போனார். செவந்தி அவர் தோளைத் தொட்டாள். “பரவால்லண்ணே. எனக்கு அது போதும்.”

தலைமை விருந்தினர் எழுந்தார். “நான் அதிகம் பேசப்போவதில்லை. உங்களைப் போலவே நானும் இந்த அபூர்வ நாடகத்தைக் கேட்க ஆவலோடு இருக்கிறேன்” என்று ஆரம்பித்தார். தன் பள்ளிப் பருவம், தன் கல்லூரிப் பருவம், தான் பாட நினைத்துப் பாடாமல் விட்டது, அதனால் இசைக்கு நேர்ந்த இழப்பு என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டதால் விடைபெறுவதாக முடித்தார். கலைஞர்களோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள விரும்புவதாகவும் சொன்னார்.

திரை மேலே போனது.

உள்ளே இருந்ததால் செவந்திக்கு எதுவும் சரியாகக் கேட்டிருக்கவில்லை. திரை போனதும் தனக்கான நேரம் வந்துவிட்டது என்று நினைத்தாள். தங்கமுத்துவும் அப்படியே நினைத்துச் சுருதியை எடுத்தார். அவள் கதவைப் பார்த்துத் திரும்பி, மூச்சை நிறைய இழுத்து, வாயைத் திறந்தாள். பக்கவாட்டுக் கதவில் நின்ற நல்லதம்பி தன்னையறியாமல் கைகூப்பினார்.

“அக்கா, போட்டோ, போட்டோ. இங்கிட்டுத் திரும்புங்க” என்றார் உதயசூரியன்.

பேரவை முழுவதும் மேடையேறியது. படம் எடுத்தார்கள். படம் எடுத்த கையோடு, விருந்தினர் கிளம்புவதால், நாட்டுப்பண் பாடப்பட்டது. செவந்தி வேஷத்தோடு நிமிர்ந்து நின்றாள். இழுத்த மூச்சை எப்போது விட்டாள் என்று தெரியவில்லை. விருந்தினருக்குப் பின்னால் குழுக்கள் போயின, குழுக்களுக்குப் பின்னால் சனம் போனது.

நல்லதம்பி ஓடிப்போய் உதயசூரியனின் கையைப் பிடித்தார். “இன்னும் நாடகம் போடலங்களே?”

“நாட்டுப்பண் பாடியாச்சேண்ணே. அதுக்கு மேல நிகழ்ச்சி நடத்துனா மரியாதையா இருக்குமா?”

“அத நாடகம் முடிஞ்சப்புறம் பாடியிருக்கலாம்ல?”

“விருந்தினர் கெளம்புறப்பப் பாடாம இருக்க முடியுமா? என்னண்ணே, நீங்களே இப்படிப் பேசுறீங்க.” சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினார்.

மறுநாள் அந்த மண்டபத்தில் ஒரு கல்யாணம். கல்யாண வீட்டார் வாழைமரங்களோடு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் மண்டபம் முழுக்க இடித்தது. மைக்செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“மைக் வேணாம்ணே. நீங்க சுருதி மட்டும் குடுங்க” என்றாள் செவந்தி. தங்கமுத்து மறுபடியும் பெட்டியைத் திறந்தார். நல்லதம்பி காலியாகிக் கிடந்த முன் வரிசைப் பக்கம் திரும்பினார். உட்கார நாற்காலி இல்லை. தரையில் உட்காரக் குனிந்தார்.

இரண்டு பேர் மேடையேறி வந்து கோட்டைக் கதவை இருபுறமும் பிடித்தார்கள்.

“கொஞ்சம் நகருங்கம்மா. மணவறை போடணும்.”

செவந்தி நகர்ந்து நின்றாள். கதவு அவளைத் தாண்டிப் போனது.

வீட்டுக்கு வந்து, மறுநாள் முழுவதும் அவள் தைக்காமல் கிடந்த துணிகளைத் தைத்தாள். பாடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் தஞ்சாவூருக்குக் கிளம்பத் துணிமணி எடுத்துவைக்கும்போது நல்லதம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அந்த விருத்தத்த இப்பப் பாடேன் செவந்தி. நான் ஒருத்தன் கேட்டுக்கிறேன்.”

அவள் அடுப்படி வாசலில் வந்து நின்று வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தெருவில் பால்காரர் வந்து போனார். முன் வாசல், கொல்லை வாசல் எல்லாம் திறந்து கிடந்தன, வெளிச்சம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிற்று.

“வரலைங்க” என்றாள். “சாத்துன கதவுக்கு முன்னாடி நின்னு பாடுற பாட்டு அது. இங்க எல்லாம் தொறந்துல்ல கெடக்கு.” சிரிக்கப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நல்லதம்பிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் ஓட்டித் தழும்பேறிய கையை அவள் முதுகில் வைத்துக்கொண்டார்.

ஆபரேசன் நன்றாக முடிந்தது. கட்டி முழுதாக வெளியே வந்துவிட்டது. டாக்டரம்மா பயந்தபடியே நரம்பும் அதோடு வந்துவிட்டது.

தங்கமுத்து பார்க்க வந்தார். மடித்துக் கொண்டுவந்த பத்திரிகைகளைக் காட்டலாமா வேண்டாமா என்று தயங்கினார். செவந்தி கையை நீட்டினாள். எல்லாவற்றிலும் அந்தப் படம் இருந்தது. ‘நூற்றாண்டின் நாடகம் மீண்டது’ என்றது ஒன்று. ‘கடைசி விருத்தத்தில் செவந்தி நிறுத்திய இடத்தில் அரங்கமே மூச்சை நிறுத்தியது’ என்று எழுதியிருந்தார், தூக்கம் வராத அந்தப் பேராசிரியர். நடுநிலையான இன்னொரு விமர்சகர், எல்லாம் சிறப்பு என்றாலும் இரண்டாம் காட்சியில் நாச்சியின் பாட்டில் சற்றே தொய்வு தெரிந்ததாகக் குறை சொல்லியிருந்தார்.

செவந்தி கட்டுப்போட்ட கழுத்தோடு கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தாள். காற்று மட்டும் வந்தது. நல்லதம்பி குனிந்து காதைக் கொடுத்தார்.

“எந்த எடத்துலன்னு கேக்குறா” என்றார் தங்கமுத்துவிடம். “ரெண்டாவது காட்சியில எந்த எடத்துல தொய்வாம்.”

தங்கமுத்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சில மாதங்கள் கழித்து பேரவை வெற்றி விழா எடுத்தது. ‘நாச்சிக் குரல்’ என்று ஒரு விருதை உண்டாக்கி, அதைச் செவந்திக்கே கொடுக்கத் தீர்மானித்தார்கள். போகவேண்டாம் என்றார் நல்லதம்பி. போகலாம், தங்கமுத்து அண்ணனுக்கும் ஏதோ தருகிறார்களாம் என்று சைகை காட்டினாள் செவந்தி.

விருதைக் கொடுத்துவிட்டு, ஏற்புரை வழங்குமாறு ஆத்மநாதன் மைக்கை அவளிடம் நீட்டினார். அவருக்கு அவள் ஆபரேசன் ஞாபகத்தில் இல்லை. அல்லது, அது கட்டி சம்பந்தப்பட்டது என்பதுவரை ஞாபகம் இருந்தது. செவந்தி மைக்குக்குப் பக்கத்தில் போய் ஏதோ சொன்னாள். ஊதுவது போன்ற ஒரு சத்தம் மண்டபத்தில் பரவியது. மைக்செட்காரர் சத்தத்தைக் கூட்டிவைத்தார். ஊதல் பெரிதானது.

ஆத்மநாதன் மைக்கை வாங்கிக்கொண்டார். “பாருங்கள் அன்பர்களே. நெகிழ்ச்சியில் பேச்சே வரவில்லை. இதுவல்லவா அடக்கம். நம்முடைய பேச்சாளர்கள் இந்த அம்மையாரிடம் கற்றுக்கொள்ளவேண்டும்.” கைதட்டல் எழுந்தது.

நல்லதம்பி எழுந்து நின்றார். வாழ்க்கையில் கூட்டத்தின் நடுவே அவர் பேசியது அது ஒரு தடவைதான். “அவ அன்னைக்குப் பாடவே இல்லைங்க” என்றார். “நீங்க யாரும் பாட விடல. இனிமே பாடவும் முடியாது. எதுக்குங்க இதெல்லாம்?”

ஆத்மநாதன் நெற்றியைச் சுருக்கி, பிறகு முகம் மலர்ந்தார்.

“அருமை. ஒரு சாமானியரின் விமர்சனம். ‘அவர் பாடவில்லை’ என்கிறார். ஆம், அவர் பாடவில்லை, நாச்சியாகவே வாழ்ந்தார். இதைவிடச் சிறப்பாக எந்தப் பேராசிரியர் சொல்லிவிட முடியும்? மாற்றுக் கருத்துகளுக்கும் இடமளிப்பதே பேரவையின் மரபு. இவருக்கு ஒரு பொன்னாடை.”

போர்த்திவிட்டார்கள்.

வெளியே வந்து, சாயங்காலம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கறம்பக்குடி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார்கள். பொன்னாடை, விருது எல்லாம் ஒரு மஞ்சப்பையில் இருந்தன. எதிரே கருவாட்டுக் கூடையோடு நின்ற ஒரு பெண் செவந்தியையே உற்றுப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். ஐம்பது வயதிருக்கும்.

“நீதான ஆத்தா அந்தக் கானல் நாச்சி? போஸ்டர்ல பாத்த மொகம். நான் ஜெகதாப்பட்டினம், எம் பேரு மீனம்மா. வேன்ல ஏத்திக் கூட்டியாந்தாக, ஒன் நாடகத்துக்கு வந்திருந்தேன்.”

செவந்தி நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தாள்.

“அப்ப கடலுக்குப் போன எம் மவன அக்கரை நேவிக்காரவுக படகோட புடிச்சுட்டுப் போயிருந்தாக, அங்கிட்டு ஜெயில்ல வச்சிருந்தாக. புருசன விடச்சொல்லி ஒருத்தி ராசாகிட்டப் பாடுற கதைன்னு மைக்குல சொல்லிக்கிட்டுப் போனாக. அதுக்காகத்தான் வேன்ல ஏறுனேன். நீ அந்தக் கதவு முன்னாடி நின்னு பாடுனியே, அது இன்னமும் எங்காதுல கேக்குது.”

நல்லதம்பி பேச வாயெடுத்தார். செவந்தி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “எப்படிப் பாடுனா?” என்று கேட்டார்.

“இது என்ன கேள்வி. நீங்க வீட்டுக்காரருதான? ஒங்களுக்குத் தெரியாதா?”

“நான் கேக்கலம்மா. அன்னைக்கு வெளிய நின்னுட்டேன்.”

மீனம்மாள் கூடையைக் கீழே இறக்கிவைத்தாள். “மொதல்ல ரொம்ப மெதுவா எடுத்துச்சு. தனக்குத் தானே பேசிக்கிற மாதிரி. எனக்குப் பயமாப் போச்சு, இம்புட்டுச் சத்தத்துல பாடுனா உள்ள இருக்கவனுக்கு எப்படிக் கேக்கும்னு. அப்புறம் ஏறுச்சு பாருங்க. மோட்டுக்கு மேல ஏறிப்போச்சு. கதவத் தொறன்னு கேக்கல. தொறந்தா என்ன, தொறக்காட்டி என்ன, நான் இங்கினதான் நிக்கிறேன், அது ஒனக்குக் கேட்டாப் போதும்னு சொல்லி, சட்டுனு நிப்பாட்டிருச்சு.”

செவந்தி நிமிர்ந்தாள். அவள் கண்கள் விரிந்திருந்தன. மூச்சைத் திரட்டி ஏதோ சொன்னாள். நல்லதம்பி காதைக் கொடுத்தார்.

“அங்கதான் நிப்பாட்டணும்னு சொல்றா” என்றார். அவருடைய குரலும் அப்போது காற்றாகத்தான் வந்தது. “மவன் வந்துட்டானாம்மா?”

“வருவான்” என்றாள் மீனம்மாள்.

கறம்பக்குடி பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஹாரன் அடித்தது. நல்லதம்பி எழுந்திருக்கவில்லை.

“அடுத்த பஸ்ஸுல போய்க்கலாம்” என்றார் செவந்தியிடம். பிறகு மீனம்மாள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “ஏறுச்சுன்னு சொன்னீங்கள்லம்மா, அந்த எடத்த மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க.”